வகுப்பறையின் நிறைகோல்

ஆசிரியருக்கு உவமை தேடிய பவணந்தி முனிவர், நிலத்தையும் மலையையும் மலரையும் கூறியதோடு அமையாது, நிறைகோலையும் அவற்றோடு சேர்த்து வைத்தார். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த நன்னூலைப் பாடங்கேட்ட எவரும் அதன் பாயிரத்தை மறந்திரார். நிலத்தின் பொறையும் மலையின் கலங்காமையும் மலரின் மென்மையும் ஆசிரியனுக்கு வேண்டும் என்பது எளிதில் விளங்குகின்றது. ஆனால், கடைவீதியில் தொங்கும் தராசுக்கு வகுப்பறையில் என்ன வேலை? அதற்கும் அவர் விடை தருகிறார். பொருளின் அளவைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டுவது தராசின் ஒரு பண்பு; எத்தட்டின் பக்கமும் தானாகச் சாயாது நடுநிற்பது அதன் மற்றொரு பண்பு. இவ்விரண்டும் ஆசிரியனுக்கும் உரியன என்பது அவர் கருத்து.

மாணவரை அளப்பது ஆசிரியத் தொழிலுக்கு வெளியேயிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒன்றன்று. அத்தொழிலின் உள்ளேயே பிறந்தது என்பது இதனாற் பெறப்படும். ஆயினும், அளப்பது எதற்காக என்னும் வினா இன்னும் நம்முன் நிற்கின்றது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் தேயிலைச் சரிவுகளுக்கிடையே நிற்கும் பாடசாலைகளில், இது ஓய்ந்த வேளையில் ஆராயும் தத்துவ வினாவாக இருப்பதில்லை. ஒரு பிள்ளை மேலே படிக்குமா, பாதியில் நின்று விடுமா என்பதே பல வேளைகளில் இவ்வினாவுக்கு நாம் செயலாற் கூறும் விடையிலே தங்கியுள்ளது.

மலைநாட்டுப் பிள்ளைக்குத் தராசு புதியதன்று. மலையிலிருந்து இறங்கும் கொழுந்துக் கூடைகள் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை நிறுக்கப்படுவதை அது கண்டு வளர்கின்றது. நிறுத்த எண் பதிவாகின்றது. கூடையின் நிறைக்கென்றும் இலையில் தங்கிய மழைநீருக்கென்றும் ஓரளவு கழிக்கப்படுகின்றது. குறித்த அளவு நிரம்பினால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். குறைந்தது ஏன் என்று தராசு கேட்பதில்லை. மலையின் சரிவா, செடியின் முதுமையா, கொழுந்தெடுத்தவளுக்கு இரவெல்லாம் அடித்த காய்ச்சலா என்று ஆராய்வது அதன் வேலையுமன்று. கூலி கொடுப்பதற்காக அமைந்த அளவை அது. கொழுந்து கிள்ளி முடிந்த பின்னரே அது தொங்கவிடப்படுகின்றது. செடியை வளர்ப்பதில் அதற்குப் பங்கில்லை.

நம் வகுப்பறையில் தொங்கும் தராசு எந்த இனத்தைச் சேர்ந்தது? தவணை முடிவில் வினாத்தாளைக் கொடுக்கின்றோம், விடைகளைத் திருத்துகின்றோம், 38 என்றும் 72 என்றும் சிவப்பு மையால் எழுதுகின்றோம், முன்னேற்ற அறிக்கையிற் பதிந்து கையொப்பமிடுகின்றோம். மறுநாள் அடுத்த பாடம் தொடங்குகின்றது. 38 பெற்ற பிள்ளைக்காகப் பாடம் ஓரங்குலமேனும் வளைந்து கொடுக்கவில்லையெனில், நாம் செய்தது அரைப்பேர் போட்ட வேலையன்றி வேறென்ன?

ஈழத்துக் கல்வியுலகம் இவ்விடத்திற் பயனுள்ள இரண்டு சொற்களை வழங்கி வருகின்றது. ஒன்று கணிப்பீடு, மற்றது மதிப்பீடு. பிள்ளை எதை அறிந்திருக்கின்றது, எங்கே நிற்கின்றது, எங்கே இடறுகின்றது என்பதற்குச் சான்று திரட்டுவது கணிப்பீடு. அச்சான்றுகளைக் கொண்டு தரம் இன்னதென்று தீர்ப்புக் கூறுவது மதிப்பீடு. இரண்டும் வேண்டியவையே. ஆனால், சான்று திரளுமுன்னரே தீர்ப்பு முந்திக்கொள்வதும், தீர்ப்புக் கூறியவுடன் வழக்கு முடிந்ததென்று எழுந்து போவதுமே நமது வகுப்பறைகளைப் பற்றிய பழைய நோய். அந்நோயின் வேரைக் காண வேண்டுமாயின் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

பணத்துக்கு அளந்த கல்வி

1862ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ராபர்ட் லோ என்பார் ஒரு விதிமுறையை நடைமுறைக்குக் கொணர்ந்தார். பாடசாலைக்கு அரசாங்கம் கொடுக்கும் பணம், பரிசோதகர் வரும் நாளில் பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் பெறும் சித்தியைப் பொறுத்தது என்பதே அவ்விதி. பெறுபேற்றுக்கேற்பப் பணம் என்னும் இந்த ஏற்பாடு கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால், கவிஞராகவும் பாடசாலைப் பரிசோதகராகவும் விளங்கிய மத்தியூ ஆர்னல்ட் அதனை இடைவிடாது எதிர்த்தார். கற்பித்தல் உயிரற்ற இயந்திர வேலையாகின்றது என்பது அவர் கண்டறிந்த உண்மை. பரிசோதகர் கேட்கப்போகும் பக்கத்தைப் பிள்ளைகள் நெட்டுருப் பண்ணினர். பணம் தராத பாடங்கள் வகுப்பறையைவிட்டு மெல்ல வெளியேறின.

இலங்கையிலும் 1869இற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்த பின்னர், உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுக்கு இம்முறையின் சாயலே வந்து சேர்ந்தது. அளவை பிள்ளைக்காக அன்றிப் பணத்துக்காக என்னும் எண்ணம் நமது பாடசாலைகளின் அடித்தளத்திலேயே இவ்வாறு புகுந்துகொண்டது.

தோட்டங்களின் கதை இன்னும் வேறானது. 1907ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. பத்து வயதோடு கல்வி முடிந்துவிடும் என்று எண்ணிய ஓர் ஏற்பாட்டுக்கு, பிள்ளை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்று அளந்தறியும் தேவை எங்ஙனம் தோன்றும்? 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் நிழலுக்கு வெளியேதான் நின்றன. 1970களிலேதான் அவை அரசாங்கத்தின் பொறுப்பில் வரத் தொடங்கின.

இதற்கிடையே மலைநாட்டு மக்களின் வாழ்வை ஆண்டவை சீட்டுகளும் கடதாசிகளுமே. ‘துண்டு’ என்னும் சொல்லை முதியோர் அறிவர். கங்காணியும் அவன் கூட்டத்தாரும் பட்ட கடன் இன்ன தொகை, அது தீர்ந்தால் அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. அச்சீட்டைக் கொண்டே கடனோடு ஆட்களும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறினர். 1921இல் அம்முறை ஒழிந்தது. பின்னர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தது. எந்த நாட்டவர் என்று காட்டக் கடதாசியின்றி இலட்சக்கணக்கானோர் நின்றனர். எங்கோ யாரோ எழுதிய ஒரு தாள் தம்மைத் தீர்த்துவிடும் என்னும் அச்சம் இம்மக்களின் நினைவிலே பதிந்திருந்தால் அதில் வியப்பில்லை. முன்னேற்ற அறிக்கையைக் கைநடுக்கத்தோடு வாங்கும் தாயின் பின்னால் இத்தனை வரலாறும் நிற்கின்றது. அந்த அறிக்கையும் ஒரு துண்டாகிவிடலாகாது என்பதே நமது கவலை.

ஒரே வாயிலும் பல பிள்ளைகளும்

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வியமைச்சராக இருந்த 1940களில், நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்கு ஈடாக மத்திய கல்லூரிகள் நாட்டுப்புறங்களில் எழுந்தன. ஏழை வீட்டுத் திறமைசாலிப் பிள்ளைகளை அவற்றுக்குத் தெரிந்தெடுக்க வந்ததே ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை. அதன் பிறப்பிலே கருணை உண்டு. முகம் பாராது, தந்தையின் தொழில் கேளாது, சுட்டெண்ணை மாத்திரமே பார்த்துப் புள்ளியிடும் தேர்வு, சிபாரிசு செய்ய ஆளில்லாத பிள்ளைக்குத் திறந்த வாயில். லயத்தில் விளக்கேற்றிப் படித்த எத்தனையோ பிள்ளைகள் அவ்வாயிலால் நுழைந்து ஆசிரியராகவும் மருத்துவராகவும் எழுந்ததை நாம் மறுத்தற்கில்லை.

ஆனால், வாயில் ஒன்று, பிள்ளைகள் பலர். 200 புள்ளிக்கு நடக்கும் அத்தேர்வில் வெட்டுப்புள்ளிக்கு மேலே நிற்பவர் சிலர். கீழே நிற்கும் பெருந்தொகையினருக்கு அது என்ன சொல்லுகின்றது? “நீ கீழே நிற்கின்றாய்” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லுவதில்லை. எந்தச் சொல்லை வாசிக்கத் தெரியவில்லை, எந்தக் கணக்கிலே இடறினாய், நாளை எங்கே தொடங்கலாம் என்று சொல்வதற்காக அது அமைக்கப்படவில்லை. தெரிவு செய்யும் தேர்விடம் அதைக் கேட்பதும் முறையன்று. முறையற்றது எதுவெனில், அத்தேர்வின் சாயலிலேயே மூன்றாந் தரத்தையும் நான்காந் தரத்தையும் நாம் வார்த்தெடுப்பதுதான். வாயிற்காவலன் செய்யும் வேலையை வகுப்பாசிரியரும் செய்யத் தொடங்கினால், வழிகாட்டும் வேலையைச் செய்ய எவரும் எஞ்சார்.

ரொனால்ட் டோர் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1976இல் ‘சான்றிதழ் நோய்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்து, ஜப்பான், கென்யா ஆகியவற்றோடு நம் இலங்கையையும் அவர் அதில் ஆராய்ந்தார். வளர்ச்சிப் பாதையிற் பிந்திப் புறப்பட்ட நாடுகளிலே வேலைக்கு ஆள் தெரியச் சான்றிதழே அளவுகோலாகின்றது. அதனால் பாடசாலை கற்பதற்கான இடமாக இராது சான்றிதழ் பெறுவதற்கான இடமாகிவிடுகின்றது என்பது அவர் கூற்றின் சாரம். நாட்டுக்கே இது பொருந்துமாயின், நாட்டிலும் பிந்திக் கல்வி பெற்ற தோட்டப்புறத்துக்கு இது எத்துணை ஆழமாகப் பொருந்தும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நன்னூலார் மாணவரை மூவகையாக்கியபோது கிளியை எங்கே வைத்தார் என்பதை நினைவுகூர்வது நலம். சொல்லிக்கொடுத்ததையே திருப்பிச் சொல்லும் கிளி அவருக்கு இடைமாணாக்கனுக்கே உவமை. பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னத்தையே தலைமாணாக்கனுக்கு உவமையாக்கினார். நாமோ நெட்டுருவை அளக்கும் வினாத்தாளை ஆக்கிக் கிளியை முதலாம் பிள்ளையாக்கிவிட்டோம்.

பிழையின் மொழி

வகுப்பறைக் கணிப்பீட்டின் நோக்கம் யாது என்பதைச் சிறிய எடுத்துக்காட்டாற் காண்போம். மூன்றாந் தரத்தில் 52இலிருந்து 27ஐக் கழிக்கும்படி ஆசிரியர் கேட்கின்றார் என்று கொள்வோம். ஒரு பிள்ளை 25 என்று எழுதுகின்றது. இன்னொரு பிள்ளை 35 என்கின்றது. மூன்றாவது பிள்ளை 24 என்கின்றது. நான்காவது பிள்ளையின் பலகை வெறுமையாக இருக்கின்றது. புள்ளியிடுபவருக்கு இது எளிய கணக்கு: ஒருவருக்குச் சரி, மூவருக்குப் பிழை.

ஆசிரியருக்கு அவ்வாறன்று. 35 என்ற பிள்ளை, 2இலிருந்து 7 போகாதென்று கண்டு, 7இலிருந்து 2ஐக் கழித்துவிட்டது. பத்தினை அவிழ்த்து ஒன்றுகளாக்கலாம் என்பதை அது இன்னும் அறியவில்லை. 24 என்ற பிள்ளை முறையை அறியும். எண்ணும்போது ஒன்று தவறிற்று. வெறும் பலகையை வைத்திருக்கும் பிள்ளை அப்பாடம் நடந்த வாரத்திற் பாடசாலைக்கே வராதிருந்திருக்கலாம். மூன்றும் பிழையே, ஆனால் நோய் மூன்று, மருந்தும் மூன்று. முதற் பிள்ளைக்குக் கவ்வாத்து வெட்டிய மலையிற் கிடைக்கும் மிலாறுக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்தால் போதும். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் வைத்துக்கொண்டு 27ஐ எடுக்க முயலும்போது, ஒரு கட்டை அவிழ்க்காமல் வழியில்லை என்பதைக் கைகளே அதற்குச் சொல்லிக்கொடுக்கும். இரண்டாம் பிள்ளைக்கு இது வேண்டியதில்லை; தன் விடையைத் தானே சரிபார்க்கும் பழக்கமே வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கு வேண்டியது தவறிய பாடம்.

இதனினும் நுட்பமான ஒன்றுண்டு. அதே ஆசிரியர் 47இலிருந்து 23ஐக் கழிக்கக் கேட்டிருந்தால், 35 என்று எழுதிய அந்தப் பிள்ளை 24 என்று சரியாகவே எழுதியிருக்கும், முழுப்புள்ளியும் பெற்றிருக்கும். பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கும் அதன் தவறான எண்ணம் அப்புள்ளியின் பின்னால் ஒளிந்துகொண்டு நான்காந் தரத்துக்கு ஏறியிருக்கும். ஆகவே, நல்ல வினா என்பது பிள்ளையை வீழ்த்துவதற்காக ஆக்கிய கடுமையான வினாவன்று. பிள்ளையின் சிந்தனையை வெளியே கொணரும் வினா. இவ்வகையில் பிழை, மறைந்து கிடக்கும் எண்ணத்தை ஆசிரியருக்கு அறிவிக்கும் தூதாகின்றது.

வினா பிள்ளையின் வாழ்வோடு பேசுகின்றதா என்பதும் கருதற்பாலது. கடலையே காணாத பிள்ளையிடம் கடற்கரைக் காட்சியைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதக் கேட்டு, அது திகைத்தால் தமிழ் வராது என்று முடிவு கட்டுதல் தகாது. பனி மூடிய மலையையும், பிரட்டுக் களத்தின் காலையையும், பிள்ளை மடுவத்துத் தம்பியையும் பற்றி எழுதச் சொன்னால் அதே பிள்ளையிடம் சொற்கள் பெருகி வரலாம். மொழியை அளக்கப் புகுந்து அனுபவத்தை அளந்துவிட்டு வருவது பொய்த் தராசு.

வேளையறிந்த சோதனை

மலைநாட்டுத் தொழிற்சாலை ஒன்றுள் நுழைந்து பார்த்தவர்கள் இவ்வேற்றுமையை எளிதில் உணர்வர். வாட்டி உருட்டிய கொழுந்து நொதித்துக்கொண்டிருக்கையில் டீமேக்கர் ஒரு பிடியை அள்ளி மோந்து பார்க்கின்றார், நிறத்தை நோக்குகின்றார். இன்னும் சற்று நேரம் விடலாமா, உடனே உலர்த்தும் அடுப்புக்கு அனுப்பலாமா என்று அப்பொழுதே முடிவு செய்கின்றார். அதே தேயிலை பின்னர் கொழும்புக்குச் சென்று, 1883இல் தொடங்கிய ஏல விற்பனையிலே சுவைஞர் முன் வைக்கப்படுகின்றது. அவரும் சோதிக்கின்றார், விலை தீர்கின்றது. ஆனால், அவ்வேளையில் அத்தேயிலையைத் திருத்த ஒருவராலும் இயலாது. இரண்டும் சோதனையே. ஒன்று ஆக்கத்தின் நடுவே நிகழ்வது. மற்றது ஆக்கம் முடிந்தபின் நிகழ்வது. ஏலத்திற் கிடைக்கும் விலையை நிருணயிப்பதிற் பெரும்பங்கு டீமேக்கர் மோந்து பார்த்த அந்தக் கணத்துக்கு உண்டு.

கல்வியுலகில் இவ்விருவகைக்கும் மைக்கேல் ஸ்கிரிவன் என்பார் 1967இற் பெயரிட்டார். உருவாக்கக் கணிப்பீடு என்றும் தொகுப்புக் கணிப்பீடு என்றும் தமிழில் வழங்குகின்றோம். பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. மாணவன் ஏற்றுக்கொள்ளும் வகையை அறிந்து, அதற்கேற்ப அவன் உள்ளத்திற் பதியுமாறு பாடஞ்சொல்ல வேண்டும் என்று நன்னூல் விதித்ததன் கருத்து இதுவேயன்றோ? ஏற்கும் வகையை அளந்தறியாது அதற்கேற்பச் சொல்லுதல் இயலாதே.

திருத்திய தாளில் ஆசிரியர் எதை எழுதுகின்றார் என்பதும் இங்கே கவனத்துக்குரியது. இஸ்ரேலில் ரூத் பட்லர் என்னும் ஆய்வாளர் பதினொரு வயதளவான மாணவரிடையே நடத்தி 1988இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. ஒரு சாராருக்குப் புள்ளி மட்டும் கொடுக்கப்பட்டது. ஒரு சாராருக்கு அவர்தம் வேலையைப் பற்றிய குறிப்பு மட்டும். மற்றொரு சாராருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றோரே அடுத்த வேலையில் முன்னேறினர். ஆர்வமும் குன்றாது நின்றனர். புள்ளியும் குறிப்பும் ஒருங்கே பெற்றோர், புள்ளி மட்டும் பெற்றோரினும் மேம்படவில்லை. எண் கண்ணிற் பட்டவுடன் பிள்ளை எழுத்தை வாசிப்பதை விட்டுவிடுகின்றது போலும். “எத்தனையாம் பிள்ளை?” என்றே வீட்டிலும் வீதியிலும் கேட்டுப் பழகிய நமக்கு இதன் காரணத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு மண்டபம், ஐந்து வகுப்புகள்

“இவையெல்லாம் ஏட்டுக்கு நன்று, ஒரே மண்டபத்தில் இரண்டு மூன்று தரங்களை ஓராசிரியர் நடத்தும் தோட்டப் பாடசாலையிலே ஒவ்வொரு பிள்ளையின் பிழையையும் படித்துக்கொண்டிருக்க நேரம் ஏது?” என்று நண்பர்கள் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால், பல்தர வகுப்பிலேதான் கணிப்பீடு ஆடம்பரமாக இராது அடிப்படைத் தேவையாகின்றது. தரத்தின் பெயரைக் கொண்டு பிள்ளைகளைப் பிரிப்பதைவிட, எதை அறிந்திருக்கின்றனர் என்பதைக் கொண்டு கூட்டுவது அங்கே எளிது. வாசிப்பில் இடறும் நான்காந் தரப் பிள்ளை இரண்டாந் தரத்தாரோடு ஒரு வாரம் இருந்தால் மானக்கேடில்லை. கணக்கில் முந்திய மூன்றாந் தரப் பிள்ளை நான்காந் தரத்தாரோடு இருக்கலாம். யார் எங்கே நிற்கின்றார் என்று அறிந்த ஆசிரியருக்கே இது கைவரும்.

பிள்ளைகளே பிள்ளைகளுக்குத் துணையாவதும் நம் மரபுக்கு அயலன்று. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், அருகிலிருந்த நாட்டுப் பள்ளியிலே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிற் புகுத்தி, மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தெடுத்தார். 1797இல் அதைப் பற்றி அவர் எழுதிய நூல் ஐரோப்பாவெங்கும் பரவிற்று. நன்னூலும் ஆசிரியரிடம் கேட்டதாற் பெறுவது கால்பங்கே என்றும், உடன்பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு கால்பங்கு என்றும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கு என்றும் கணக்கிட்டுக் காட்டியது. தங்கைக்குக் கழித்தலைச் சொல்லிக்கொடுக்க முயலும் அக்கா, தனக்கு எது தெரியாது என்பதை அப்பொழுதுதான் கண்டுகொள்கின்றாள். அதுவும் ஒரு கணிப்பீடே. அதற்கு வினாத்தாள் வேண்டியதில்லை.

1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து நம் ஆரம்பக் கல்வியிலும் இக்கருத்துகள் இடம்பெற்றன. ஒவ்வொரு முதன்மை நிலையிலும் பிள்ளை பெற்றேயாக வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் வரையறுக்கப்பட்டன. முதலாந் தரத்துக்கு வரும் பிள்ளையை விளையாட்டின் வழியே இனங்காணும் ஏற்பாடும் வந்தது. ஏற்பாடு நன்று, ஆயினும் அதனை எக்கண்ணோடு செய்கின்றோம் என்பதிலேயே அதன் பயன் தங்கியுள்ளது. பாரிஸ் நகரில் ஆல்பிரட் பினே 1905இல் தம் தோழர் சிமோனோடு ஆக்கிய நுண்ணறிவுச் சோதனை, எப்பிள்ளைக்குத் தனித்துணை வேண்டும் என்று அறிவதற்காகவே தோன்றியது. கடல் கடந்து அமெரிக்கா சென்றபோது அதுவே மனிதரை உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று வரிசைப்படுத்தும் கோலாயிற்று. நோக்கம் மாறியவுடன் கருவியின் குணமே மாறியது. தேர்ச்சிப் பட்டியலும் அவ்வாறே. அதனைத் துணைக்கு வழிகாட்டியாகக் கொண்டால் பிள்ளை வளரும். அதிகாரி வரும் நாளுக்காகச் சரி அடையாளமிட்டு நிரப்பும் கடதாசியாகக் கொண்டால், முன்னே கண்ட 1862ஆம் ஆண்டின் பழைய விதியே வேறு பெயரில் நம்மிடையே உலவும்.

ஓர் ஐயம் எஞ்சுகின்றது. ஆசிரியரின் கணிப்புக்கு இத்துணை இடங்கொடுத்தால் சார்பு புகாதா? சாதியும் செல்வாக்கும் உறவும் தட்டைத் தாழ்த்தாவா? இவ்வச்சம் பொருளற்றதன்று. அதனாலேதான் தெரிவுக்குரிய பொதுப் பரீட்சையை அகற்றுமாறு நாம் கூறவில்லை. ஆதரவற்ற பிள்ளைக்கு முகம் பாராத வாயில் வேண்டும். நாம் வேண்டுவது, அவ்வாயிலின் முன் வந்து நிற்குமுன் அப்பிள்ளைக்கு ஐந்தாண்டுக் கற்பித்தல் மெய்யாகவே கிடைத்திருக்க வேண்டும் என்பதே. வீட்டிற் சொல்லிக்கொடுக்கப் படித்தவர் உள்ள பிள்ளையின் குறையை வீடு கண்டுபிடிக்கும்; பணமுள்ள பிள்ளையின் குறையைத் தனியார் வகுப்புக் கண்டுபிடிக்கும். விடியுமுன் எழுந்து மலையேறும் தாயின் பிள்ளைக்கோ ஆசிரியரின் கண்ணைத் தவிர வேறு கண்ணில்லை. இரண்டாந் தரத்தில் ஒரு வாரத்திலே தீர்ந்திருக்கக்கூடிய இடறல், கவனிப்பாரின்றி ஆண்டுதோறும் தடித்து, சாதாரண தரப் பரீட்சையின் கணிதப் பாடத்திலே சித்தியின்மையாக வெளிப்படும்போது, பத்தாண்டு பிந்திய செய்தியாகவே அது வந்து சேர்கின்றது. அதன் பின் பிள்ளை கொழும்புக் கடையொன்றுக்கு வேலை தேடிப் புறப்பட்டிருக்கும்.

ஆசிரியர்கள் நாளையே தொடங்கக்கூடியவை பெருஞ்செலவுடையன அல்ல. பாடம் முடியும் வேளையில் ஒரு வினாக் கேட்டு எல்லாப் பிள்ளைகளையும் விடையை எழுதி உயர்த்திக் காட்டச் செய்யலாம். கை தூக்கும் நால்வரை மட்டும் கேட்டு அமைதியடையாதிருக்கலாம். பிழைகளுக்கென ஒரு சிறு கொப்பி வைத்து, யார் எதில் இடறினார் என்று இரண்டொரு சொல்லிற் குறித்து, மறுநாட் பாடத்தை அதிலிருந்து தொடங்கலாம். புள்ளிக்குப் பதிலாக, நீ இதை நன்றாகச் செய்தாய், இனி இதைச் செய்து பார் என்று ஒரு வரி எழுதலாம். எழுத்தறியாத தாய்க்கு, மாலையில் வழியிற் கண்டபோது, பிள்ளை இப்பொழுது எதைச் செய்யக் கற்றது என்று வாயாற் சொல்லலாம். எத்தனையாம் பிள்ளை என்று அவர் கேட்டாலும், நம் விடை அதிலிருந்தே தொடங்கட்டும்.

அளப்பது இழுக்கன்று, அளந்த பின் வாளாவிருப்பதே இழுக்கு. ஒரு கணிப்பீடு நன்றா தீதா என்றறிய, மறுநாள் வகுப்பிலே அதனால் மாறியது எது என்று கேட்டுப் பார்த்தாற் போதும். மாறியது ஒன்றுமில்லையெனில், பிள்ளைகள் நிறுக்கப்பட்டனர் என்பதன்றி வேறொன்றும் அங்கே நிகழவில்லை.